பாத்திரம் கழுவுற கைக்கும் ஒரு பொன்னாடை



போன சனிக்கிழமை நம்ம கோயில் தொண்டர்கள் பத்து பேர் வேன் எடுத்துக்கிட்டு, கெடாவில் யான் பக்கம் ஒரு கம்பத்தில் நடந்த நெல் அறுவடை விழாவுக்குப் போயிருந்தோம். ஜெராய் மலை அடிவாரம். அன்னதானத்துல பாத்திரம் கழுவுற நம்ம பாட்டியும் வரேன்னாங்க, கூட்டிக்கிட்டுப் போனோம்.

அங்கே ஒரு வயல்ல மட்டும் மெஷின் இறக்காம வச்சிருந்தாங்க. வயசான மக்சிக்குங்க கையால அறுத்துக் காட்டினாங்க. உள்ளங்கைக்குள்ள அடங்குற சின்னக் கத்தி, மலாயில 'துவாய்'னு சொல்றாங்க. விரல் இடுக்குல பிடிச்சு ஒவ்வொரு கதிரா அறுக்கணும். நெல்லுக்கும் உயிர் உண்டு, கத்தியைப் பார்த்தா பயந்துடும்னு அந்தக் காலத்து நம்பிக்கை. அதனாலதான் கைக்குள்ள மறைச்சுப் பிடிக்கிறாங்க. இன்னொரு பக்கம் அரிவாளால அறுத்த கட்டுகளை மரத்தொட்டியில ஓங்கி அடிச்சு நெல்லை உதிர்த்தாங்க.

கைதட்டல் பலமா இருந்தது. ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. 1970 வாக்கில் மூடா திட்டத்துத் தண்ணி வந்து, அந்த வட்டாரத்தில் வருஷத்துக்கு ரெண்டு போகம் ஆச்சு. கூலிக்கு அறுக்கிறவங்களுக்கும் வேலை கூடுச்சு. சில வருஷத்திலேயே அறுவடை மெஷின் வந்தது. சொந்த நிலம் இல்லாத குடும்பங்களுக்கு அறுப்புக் கூலியும் அடிப்புக் கூலியும் போச்சு. அந்தக் கைகளுக்கு வேலை இருந்த காலத்தில் மேடை போட்டு யாரும் கைதட்டியதாகத் தெரியவில்லை.

நம்ம பாட்டி துவாயை வாங்கி ரெண்டு தடவை பார்த்தாங்க, மூணாவது தடவை கதிர் சரியா கையில வந்துச்சு. மக்சிக் சிரிச்சுக்கிட்டே, "முன்னாடி என்ன வேலை?"ன்னு மலாயில கேட்டாங்க. "பால் வெட்டினேன், முப்பது வருஷம்"னு பாட்டி சொன்னாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பந்தல் நிழல்ல உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினாங்க.

எங்களுக்கு வெட்கமா போச்சு. ஆறு வருஷமா நம்ம கூட இருக்காங்க. நாங்க ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை.

ரப்பர் மரத்துல ஒரு தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பட்டையைச் சீவணும். ஆழமா போனா மரத்துக்குக் காயம், மேலோட்டமா சீவினா பால் குறையும். ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருக்கிற எங்களுக்கு அந்த அளவு என்னன்னு தெரியும். கருவி வச்சு அளந்துதான் பாஸ் பண்ணுவோம். பாட்டி அதை விடியறதுக்கு முன்னாடி, தலைவிளக்கு வெளிச்சத்துல, கொசுக்கடியில, மரத்துக்கு மரம் ஓடிக்கிட்டே செஞ்சிருக்காங்க.

"அந்தக் கஷ்டம் ஒழிஞ்சதே புண்ணியம், இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"ன்னு சிலர் கேட்பீங்க. கஷ்டம் ஒழிஞ்சது நல்லதுதான். யாரும் மறுபடி பால்வாளி தூக்க வேண்டாம். ஆனால் கஷ்டத்தோட சேர்த்து அந்தத் திறமையையும் நாம மறைச்சுட்டோம். தோட்டத்துல பிறந்ததைச் சொல்லவே நம்ம பிள்ளைங்க கூச்சப்படுறாங்க. அந்தக் கூச்சத்தைக் கத்துக் கொடுத்தது நாமதான்.

போன பொங்கலுக்கு நம்ம கோயில் மேடையில யாருக்கெல்லாம் பொன்னாடை போட்டோம்? ஒய்பி, டத்தோ, நன்கொடையாளர்கள். அது தப்பில்லை, அவங்க உதவி இல்லாம கோயில் நடக்காது. ஆனால் பொங்கல் உழைச்ச கைகளோட திருநாள். அந்தக் கைகள் அன்னைக்குப் பின்னாடி குழாயடியில இருந்துச்சு.

அதனால செயலவைக்கு எங்க கோரிக்கை இது. வரும் தைப் பொங்கலுக்குப் பால் வெட்டினவங்க, செம்பனைக் குலை அறுத்தவங்க எல்லாரையும் முதல் வரிசையில உட்கார வைக்கணும். முதல் பொன்னாடை அவங்களுக்குப் போடணும். விருப்பம் இருந்தா, எப்படிச் செஞ்சாங்கன்னு பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். அன்னைக்குப் பாத்திரம் கழுவுற வேலையை நாங்க பார்த்துக்கிறோம்.

உங்க வீட்டுல தாத்தா பாட்டி இருந்தா இன்னைக்கே கேட்டு, பேரைக் கோயில் ஆபீஸ்ல கொடுங்க. எல்லாருக்கும் வயசாகுது, தள்ளிப் போடாதீங்க.