'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

இன்ஜினியரிங் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு சி மொழியில் தவறாமல் வரும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாமோ, அத்தனையையும் பிரிண்ட் செய்ய வேண்டும். 'ஏபிசி' கொடுத்தால் 6 வரிசை.

வழி சுலபம்தான். முதல் இடத்துக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கொண்டு வா, மீதியை அதே ஃபங்ஷனிடம் கொடு, அது முடிந்ததும் மாற்றியதைப் பழைய இடத்திலேயே திரும்ப வை. இந்தக் கடைசி வரியைத்தான் மனப்பாடம் செய்கிறவர்கள் கோட்டை விடுவார்கள். பாங்க் பாஷையில் அது ரிவர்சல் என்ட்ரி. அதைப் போடாமல் அடுத்த என்ட்ரிக்குப் போனால் கணக்கு எங்கே டேலி ஆகும்? :-)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளை 'ஏபிசி'யோடு நிறுத்த விடக்கூடாது என்பது என் கட்சி. அதே புரோகிராமில் 'தமிழ்' என்று கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் குப்பையாகக் கொட்டும், நிற்கவும் நிற்காது. சி மொழிக்கு 'எழுத்து' என்றால் ஒரு பைட். யூனிகோடை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 'தமிழ்' 15 பைட் ஆகிறது. 15 பைட்டை மாற்றி அடுக்கினால் 1,30,767 கோடியே 43 லட்சத்து 68 ஆயிரம் வரிகள்! விநாடிக்குப் பத்து லட்சம் வரி ஓடினாலும் 15 நாள் ஆகும்.

பள்ளியில் பைத்தான் படித்த பிள்ளை, "அதில் சரியாக வரும்பா" என்று சொல்லலாம். வராது. பைத்தான் 5 என்று எண்ணும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. 120 வரிசை வரும், அதில் 48 கொக்கியிலோ புள்ளியிலோ ஆரம்பிக்கும். பள்ளியில் படிக்கும் ஹிந்தி மாத்திரைக்கும் இதே கதிதான்.

நமக்கோ மூன்றே எழுத்து: த, மி, ழ். ஆறே வரிசை. அதிலும் 'ழ்' முதலில் வரும் இரண்டு தமிழில் சொல்லே ஆகாது, மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதால். வெளி மாநிலத்தில் வளர்ந்து, தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. உயிர்மெய் என்றால் என்ன என்று நாம் பாடம் நடத்தினால் எழுந்து போய்விடும். புரோகிராம் ஓடவில்லை என்றால் தானே வந்து கேட்கும்.

தீர்வும் பெரிய வித்தை இல்லை. மெய்யையும் அதைத் தொடரும் கொக்கியையோ புள்ளியையோ சேர்த்து ஒரு துண்டாக வெட்டி, துண்டுகளை ஒரு அர்ரேயில் வைத்து, பைட்டுக்குப் பதில் பாயிண்டர்களை இடம் மாற்றினால் போதும். ரெக்கர்ஷன் அப்படியே இருக்கும்.

அடுத்து அவரவர் பெயரைப் போட்டுப் பார்க்கட்டும். வீட்டில் லக்ஷ்மி இருந்தால் மட்டும் 'க்ஷ்' ஒரு எழுத்தா, இரண்டா என்று பஞ்சாயத்து வரும். அதை ராத்திரி சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.