வெறும் வயிற்று நடை

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்து அறைக்குத் திரும்பி, நாம் இட்டிலியைப் பிட்டு வாயில் வைக்கப்போகும் தருணத்தில், கோயில்பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்தார். "சாமி, உபதேசியார் மைதானத்தில் விழுந்து கிடக்கிறார்" என்றார். விரைந்து சென்று பார்த்தோம். அவருடைய சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது, கைகள் நடுங்கின, பெயர் சொல்லி அழைத்தபோது விழித்துப் பார்த்தாரேயன்றி, நம்மை இன்னாரென்று அறிந்தவராகத் தோன்றவில்லை. கூடியிருந்தவர்களுள் ஒருவர் மாரடைப்பு என்றார். மற்றொருவர், காலையிலேயே குடித்துவிட்டாரோ என்று முணுமுணுத்தார். வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத மனிதர் அவர்!

நல்ல வேளையாக, அங்கே நடக்க வந்திருந்த செவிலியர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இவருக்குச் சர்க்கரை நோய் உண்டா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி. உண்டு என்றோம். விழுங்க இயலுகிறதா என்று பார்த்துவிட்டு, தேநீர்க் கடையிலிருந்து சர்க்கரை கரைத்த நீரை வருவித்துச் சிறிது சிறிதாகப் புகட்டினார். கால் மணி நேரத்திற்குள் உபதேசியார் எழுந்து உட்கார்ந்தார். "பூசைக்கு மணி அடித்தாயிற்றா, சாமி?" என்று கேட்டார். பூசை கண்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அன்று மாலை அவர் இல்லம் சென்று விசாரித்தோம். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு உண்டவர், காலை ஐந்தரைக்கு வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, திருப்பலிக்கு வந்திருக்கிறார். முடிந்ததும், மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியைத் தொடங்கியிருக்கிறார். "பசிக்கவில்லையா?" என்று கேட்டோம். "பூசையிலேயே வயிற்றைப் பிசைந்தது, சாமி. நடக்கும்போது இன்னும் அதிகமாயிற்று. தவக்காலமாயிற்றே, இதுவும் ஒரு சோதனை என்று பொறுத்துக்கொண்டேன். பசியை வென்றவன் தன்னை வென்றவன் என்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள்தாமே சொன்னீர்கள்?" என்றார்.

நாம் தலை கவிழ்ந்தோம். சொன்னது உண்மை. யாருக்குச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்காமல் சொன்னோம் என்பதும் உண்மை. அந்தக் கடனைத் தீர்க்கவே, மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை இத்திங்கள் இப்பக்கத்தில் எழுதுகிறோம்.

பசி என்பது யாது? 1912 ஆம் ஆண்டில் வால்ட்டர் கேனன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஒரு சோதனை செய்தனர். மாணவர் ஒரு சிறு பலூனை விழுங்கினார். இரைப்பை சுருங்கும் வேளையும், பசிக்கிறது என்று அவர் உணரும் வேளையும் ஒத்திருப்பதைக் கண்டனர். ஆயினும் பசி இரைப்பையோடு முடிவதன்று. 1999 இல் ஜப்பானிய அறிஞர்கள் கோஜிமாவும் கங்காவாவும், இரைப்பையிலிருந்து சுரந்து, உணவு வேண்டுமென்று மூளைக்கு அறிவிக்கும் 'கிரெலின்' என்ற பொருளைக் கண்டறிந்தனர்.

இங்கே ஒரு வியப்பு உண்டு. கடுமையாக ஓடும்போதும் பாரம் தூக்கும்போதும் இந்தக் கிரெலின் சிறிது நேரம் குறைகிறது, பசி அடங்குகிறது. உழைத்து ஓய்ந்து சற்று நேரம் சென்ற பின்னரே வயிறு விழித்துக்கொள்கிறது. ஆகவே, நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒருவருக்குக் கடும் பசி எடுக்குமாயின், முதல் நாள் உணவு போதவில்லையா, உண்டு வெகுநேரம் ஆயிற்றா, அல்லது இரத்தத்தில் சர்க்கரை தாழ்கிறதா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் உடலில் ஓடும் இரத்தம் முழுவதிலும் உள்ள சர்க்கரை, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவே. இதை நம்பியே மூளை வேலை செய்கிறது. குறையக் குறைய நிரப்புவதற்குக் கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை இருந்தாலும், அது அந்தந்தத் தசைக்கே உரியது. மூளைக்குக் கடன் கொடாது. இரவெல்லாம் நாம் உறங்கும்போது கல்லீரலின் களஞ்சியம் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு நடக்கப் புறப்படுபவர், குதிர் பாதிக்கு மேல் காலியான வீட்டில் விருந்தினரை வரவேற்பவர் போன்றவர்.

அவ்வாறாயின் வெறும் வயிற்றில் நடப்பது தவறா? எல்லார்க்கும் தவறன்று. நலமுள்ளவர் அரை மணி, முக்கால் மணி நேரம் நடந்துவரக் கொழுப்பும் எரிபொருளாக உதவும். ஒரு குவளை நீர் அருந்திவிட்டுத் தாராளமாக நடக்கலாம். ஆனால் நீண்ட நேரம் ஓடுபவர் நிலை வேறு. 1924 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாரத்தான் ஓட்டத்தை முடித்தவர்களின் இரத்தத்தைச் சாமுவேல் லெவின் முதலிய மருத்துவர்கள் சோதித்தனர். பலரிடம் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. அவ்வாறு தாழ்ந்தவர்கள் முகம் வெளிறி, தளர்ந்து, மனம் குழம்பிய நிலையில் இருந்தனர். மறு ஆண்டு, ஓட்டத்திற்கு முன் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்ணச் செய்து, ஓடும் வழியில் மிட்டாய்களும் கொடுத்துப் பார்த்தனர். சர்க்கரை தாழவில்லை, ஓடியவர்களும் தெளிவாக இருந்தனர்.

எப்போது உண்பது? வயிறு நிறைய உண்டால் மூன்று, நான்கு மணி நேரம் கழித்தே ஓட வேண்டும். உழைக்கும்போது இரத்தம் தசைகளை நாடிச் செல்வதால், வயிற்றுக்குச் செல்வது குறைகிறது. அதனால்தான் சாப்பிட்டவுடன் ஓடுபவருக்கு வயிறு கனத்து, குமட்டல் வருகிறது. இரண்டு இட்டிலி போன்ற எளிய உணவாயின் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். விடியற்காலையில் அதற்கும் நேரமில்லாதவர், புறப்படுவதற்கு அரை மணிக்கு முன் ஒரு வாழைப்பழமோ ஒரு குவளை கஞ்சியோ கொள்ளலாம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டா. அது வயிற்றில் நெடுநேரம் தங்கும். நம் முன்னோர் இதைப் புத்தகம் படித்து அறியவில்லை. கருக்கலில் நீராகாரம் குடித்துவிட்டு ஏர் பூட்டச் சென்றனர்; வெயில் ஏறியதும் வரப்பில் அமர்ந்து கூழ் குடித்தனர்.

பயிற்சி முடிந்தபின் ஓரிரு மணி நேரத்திற்குள் வழக்கமான உணவை உண்டால் போதும். அதில் மாவுச்சத்தோடு பருப்பு, சுண்டல், முட்டை, பால் இவற்றுள் ஒன்றேனும் இருப்பது தசைகளைச் செப்பனிட உதவும். ஆனால் ஓர் எச்சரிக்கை! ஒரு மணி நேரம் விரைந்து நடந்தால் செலவாவது ஏறத்தாழ 250 கலோரி. நடை முடிந்து கடையில் உண்ணும் இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை போட்ட தேநீரும் அதனை முற்றிலும் திருப்பிக் கொடுத்துவிடும். ஆறு மாதம் நடந்தும் எடை குறையவில்லையே என்று நம்மிடம் வருந்திய அன்பர்கள் சிலரை, அதே கடையின் விசுப்பலகையில் நாம் கண்டிருக்கிறோம்.

சர்க்கரை நோயுள்ள சகோதர சகோதரிகளுக்குத் தனியே சில சொற்கள். இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்போரும், மருந்தை எடுத்துக்கொண்டு உண்ணாமல் நடத்தல் ஆகாது. மருந்தும் நடையும் இரண்டும் சேர்ந்து சர்க்கரையைக் குறைப்பவை. நடக்குமுன் சோதித்துப் பார்த்து, 90 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பின் ஏதேனும் உண்டபின்னரே புறப்பட வேண்டும். 70க்குக் கீழே இறங்குவது அபாயம். திடீர்ப் பசி, வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் இவை அதன் அடையாளங்கள். இரத்த அழுத்தத்திற்கென உண்ணும் சில மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடக்கூடும். அடையாளம் கண்டவுடன் நடையை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்தின் அளவையும் வேளையையும் நீங்களாக மாற்றாமல், நடக்கும் நேரத்தைச் சொல்லி மருத்துவரிடமே கேளுங்கள்.

"நற்கருணை வாங்குமுன் உண்ணலாமா, சாமி?" என்று கேட்போர் உண்டு. நள்ளிரவு முதல் தண்ணீரும் பருகாமல் இருந்த பாட்டிமாரின் வழக்கம் பல குடும்பங்களில் இன்னும் நினைவிலிருக்கிறது. அந்தச் சட்டம் 1953 இலேயே தளர்த்தப்பட்டது. 1964 முதல் ஒரு மணி நேர உபவாசமே உள்ளது. தண்ணீரும் மருந்தும் அதனை முறிப்பதில்லை. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பேணுவோரும் அந்த ஒரு மணி நேரத்திற்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்று 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஒருசந்திக் கடமையும் அறுபதாம் வயது தொடங்கியோருக்கு இல்லை. நம் உபதேசியாருக்கு வயது அறுபத்து நான்கு. இதை அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்க வேண்டியவர் நாம்.

இன்னொன்றும் சொல்லாமல் முடித்தல் நேர்மையாகாது. காவலர் தேர்வுக்கென 1500 மீட்டர் ஓடிப் பழகும் இளைஞர் சிலர் அதே மைதானத்திற்கு வருகின்றனர். அவர்களுள் ஒருவன் இரண்டாம் சுற்றிலேயே கண் இருண்டு உட்கார்ந்துவிடுவதைக் கவனித்தோம். மேலே எழுதியவற்றையெல்லாம் அவனுக்கு விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டில் ஏதாவது இருந்தால் தின்றுவிட்டு வரமாட்டேனா, சாமி?" என்றான். இரவில் அவன் உண்பதும் இருப்பதைப் பொறுத்ததே என்று பின்னர் அறிந்தோம். எப்போது உண்பது என்று பேசிக்கொண்டிருந்த நமக்கு, எதை உண்பது என்று தவிக்கும் இல்லங்கள் நம் பங்கிலேயே இருப்பது அன்றுதான் உறைத்தது. இப்போது அம்மைதானத்து வேப்பமரத்தில் ஒரு வாழைத்தார் தொங்குகிறது. செலவை இளைஞர் மன்றத்தார் ஏற்றுள்ளனர். யார் பறித்தார், எத்தனை பறித்தார் என்று எவரும் கேட்பதில்லை என்பது ஏற்பாடு.

உபதேசியார் இப்போது இரண்டு இட்டிலி உண்டு, மாலையில் நடக்கிறார். செபமாலை இருக்கும் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றும் இருக்கிறது. சென்ற வாரம் மறைக்கல்வி வகுப்பின் நடுவே, "பிள்ளைகளே, சற்றுப் பொறுங்கள், எனக்குப் பசிக்கிறது" என்று சொல்லி, நாற்காலியில் அமர்ந்து, பொட்டலத்தைப் பிரித்து வாயில் இட்டுக்கொண்டாராம். பிள்ளைகள் சிரித்தனர் என்று நம்மிடம் முறையிட்டார். சிரிக்கட்டும் என்றோம்.