காப்பி மேசையில் சுவீடிஷும் சுவிசேஷமும்

சுவீடனில் தேவாலயக் கூடங்கள் பலவற்றில் வாரம் ஒருநாள் 'ஸ்ப்ரோக்கஃபே' நடக்கிறது. நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களோடு உட்கார்ந்து சுவீடிஷ் பேசிப் பழகும் இடம் அது. கட்டணம் இல்லை, தேர்வு இல்லை. பிளாஸ்க்கில் காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் இருக்கும். நூலகங்களும் செஞ்சிலுவைச் சங்கமும்கூட இதை நடத்துகின்றன. தேவாலயத்தில் நடக்கும்போது மட்டும் ஒரு கேள்வி கூடவே வருகிறது: மொழி பழக வந்தவரிடம் விசுவாசத்தைப் பற்றி எவ்வளவு பேசலாம்?

குடியேறியவர்களுக்கு 'எஸ்எஃப்ஐ' என்ற இலவச சுவீடிஷ் வகுப்பை நகராட்சிகள் நடத்துகின்றன. ஆனால் அடைக்கல மனு போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்குப் பொதுவாக அதில் இடமில்லை. 2015இல் மட்டும் சுமார் 1,63,000 பேர் அடைக்கலம் கேட்டார்கள். வகுப்புக்கு வெளியே நின்றவர்களில் பலருக்குத் தன்னார்வலர்களும் கல்விச் சங்கங்களும்தான் முதல் வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் இடம் கிடைத்தவருக்கும் பேச்சுத்துணை வாய்ப்பது கடினம். உச்சரிப்பு கொஞ்சம் தடுமாறினாலே சுவீடன்காரர் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். தாவாமல் பொறுமையாகக் காத்திருக்கும் ஒருவர் எதிரே இருப்பதுதான் இந்த மேசையின் பயன்.

அப்படிக் காத்திருப்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவராக இருப்பார். அவர் திருத்தும் விதத்துக்கு ஓர் உதாரணம். சுவீடிஷில் வினைச்சொல் வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் வர வேண்டும். 'இன்று' என்று தொடங்கினால் அடுத்து 'போகிறேன்', அதற்குப் பிறகுதான் 'நான்'. கற்பவர் 'இன்று நான் போகிறேன்' என்ற வரிசையில் சொன்னால், நல்ல தன்னார்வலர் தப்பு என்று சொல்ல மாட்டார். அதே வாக்கியத்தைச் சரியான வரிசையில் கேள்வியாகத் திருப்பிக் கேட்பார். பேச்சும் அறுபடாது, இலக்கணமும் காதில் விழும்.

விசுவாசம் இந்தப் பேச்சுக்குள் பெரும்பாலும் நாட்காட்டி வழியாகத்தான் நுழைகிறது. ஒரு வியாழக்கிழமை ஊரே விடுமுறை எடுக்கிறது, ஏன்? அது இயேசு பரமேறிய நாள். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் தோட்டமெங்கும் மெழுகுவர்த்தி எரிகிறதே? டிசம்பர் 13 அன்று தலையில் விளக்குச் சுடரோடு பெண் பிள்ளைகள் பாடிக்கொண்டு வருகிறார்களே, யார் அந்த லூசியா? கேட்டவர் கற்பவர்; பதில் சொல்வது மொழிப் பயிற்சியின் ஒரு பகுதி. 'ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?' என்பது எல்லா மேசைகளிலும் கேட்கப்படும் கேள்வி. ஆராதனைக்குப் போனவர் போனேன் என்று சொல்வதில் ஒளிவுமறைவு தேவையில்லை.

மொழியின் நிலையே பேச்சுக்கு ஓர் எல்லை கட்டிவிடுகிறது. நானூறு சொல் தெரிந்தவரிடம் திரித்துவத்தை விளக்க முடியாது. 'அம்மா இறந்தபோது ஜெபம் செய்தேன், தைரியம் வந்தது' என்று சொல்ல முடியும். உபதேசம் சுருங்கி அனுபவம் மிஞ்சுவதால், சாட்சி சொல்பவருக்கும் இது நல்ல பயிற்சிதான். கடவுளைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதும் பல நேரம் சுவீடன்காரரே. அங்கே மதம் மிகவும் அந்தரங்கமான விஷயம். சிரியாவிலிருந்தோ ஈராக்கிலிருந்தோ வந்தவருக்குப் பெரும்பாலும் அந்தத் தயக்கம் இருப்பதில்லை. வருபவர் கிறிஸ்தவர் அல்ல என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதும் தவறு. 1960களின் பிற்பகுதியிலிருந்து சிரியக் கிறிஸ்தவர்கள் குடியேறிய சோடர்டேலியே நகரில் அவர்களுடைய தேவாலயங்கள் உயிர்த்துடிப்போடு இருக்கின்றன.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சுவீடன்காரர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து ஊழியம் செய்த காலத்தோடு ஒப்பிட்டால் அது தெரியும். 1921 முதல் 1956 வரை தமிழ் லுத்தரன் திருச்சபையின் தரங்கம்பாடிப் பேராயர்களாக இருந்தவர்கள் சுவீடன் நாட்டவர்கள். அந்தக் காலத்து மிஷனரி பிரசங்கம் செய்யும் முன் தமிழ் முன்ஷியிடம், அதாவது மொழியாசிரியரிடம், மாணவனாக உட்கார வேண்டியிருந்தது. அவருடைய பிழைகளைத் திருத்தியவர் உள்ளூர்க்காரர். காலனி அதிகாரம் பின்னால் இருந்தாலும், மொழியைப் பொறுத்தமட்டில் முன்ஷியே எஜமான். ஸ்ப்ரோக்கஃபேயில் ஆசிரியரும் சாட்சியும் ஒரே ஆள். மொழியும் நாடும் அவருடையவை. எதிரே இருப்பவருக்கோ பல நேரம் குடியிருப்பு அனுமதி இன்னும் வந்திருக்காது. அவர் தலையசைத்தால் அது சம்மதமா, மரியாதையா, பயமா என்று கண்டுபிடிப்பது சிரமம்.

வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக இவாஞ்சலிக்கல் கூட்டணியும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட கிறிஸ்தவ சாட்சி குறித்த பரிந்துரைகள் இதைத் தொடுகின்றன: பிறரின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது, சேவையைத் தூண்டிலாக்கக் கூடாது. மேசைக்குக் கொண்டுவந்தால் இதன் பொருள் எளிது. ஜெபத்துக்கு நிற்காதவருக்கும் அதே காப்பி, அதே நேரம், அதே கவனம். நடத்துவது திருச்சபை என்பதை அறிவிப்பிலேயே போட்டுவிட வேண்டும். வேதபாடம் வேண்டுமானால் தனி நேரத்தில், தனி அழைப்போடு நடத்தலாம். மொழிப் பயிற்சி என்று கூப்பிட்டுவிட்டுப் பிரசங்கம் வைப்பது ஏமாற்று வேலை.

ஈரான், ஆப்கானிஸ்தான் நாட்டவர்கள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. மதம் மாறியதால் சொந்த நாட்டில் ஆபத்து என்று ஒருவர் சொன்னால், அந்த மாற்றம் உண்மையானதா என்று குடியேற்றத் துறை விசாரிக்கிறது. ஆயரின் கடிதமும் அந்த விசாரணைக்குப் போகலாம். அதனால் ஞானஸ்நானம் கேட்டு வருபவரை அவசரப்படுத்தாமல் நீண்ட ஆயத்த வகுப்புக்கு அனுப்புவதே நியாயம். காப்பி மேசையில் எடுத்த படத்தை முகநூலில் போடுவதையும் திருச்சபைகள் தவிர்க்க வேண்டும். அதில் தெரியும் ஒரு முகத்தால் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரலாம்.