மலைக்காற்று மருந்தாகுமா?

கொடைக்கானலுக்கு ஏன் ஐயா மருத்துவ ஆராய்ச்சி? அங்கே வீசும் காற்றே மருந்தாயிற்றே! இப்படிக் கேட்போர் நம்மிடையே இன்றும் உளர். கோடையில் மூன்று நாள் தங்கி, ஏரியில் படகு விட்டு, குதிரையேறிப் படம் எடுத்துக்கொண்டு, தைலப்புட்டியும் சாக்லெட்டும் வாங்கித் திரும்பும் கனவான்கள் அவர்கள். ஐப்பசி மழையில், பேறுகால வலியால் துடிக்கும் மனைவியுடன் கிளாவரையில் வண்டி தேடி நிற்கும் கணவனை அவர்கள் கண்டதில்லை. வெள்ளகவியில் நோயாளியை டோலி கட்டித் தூக்கிச் சென்ற செய்திகளை ஏடுகளில் புரட்டிவிட்டு அடுத்த பக்கம் போனவர்கள். அந்தக் கணவனுக்கும் அந்த நோயாளிக்கும் வீசுவது அதே மலைக்காற்றுத்தான், தோழர்களே!

காற்றே மருந்து என்ற பேச்சு புதிதன்று. கொடைக்கானல் என்ற ஊரே அந்தப் பேச்சின்மீது எழுந்ததுதான். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார் மலையேறி வந்து இரண்டு பங்களாக்கள் கட்டினர். காரணம்? சமவெளியில் காய்ச்சலும் காலராவும் அவர்தம் குடும்பங்களைக் கொள்ளைகொண்டன. கீழே காற்றில் நச்சாவி கலந்திருக்கிறது, உயரே சென்றால் உயிர் பிழைக்கலாம் என்பது அன்றைய மேலைநாட்டு மருத்துவரின் நம்பிக்கை. உயரே வந்தோர் பலர் பிழைத்தனர். ஆனால் பிழைத்த காரணம் அவர்கள் எண்ணியதன்று. 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். குற்றவாளி காற்றன்று, கொசு என்பது அதன்பின் உறுதிப்பட்டது. மலைக்குளிரில் கொசு குறைவு, அவ்வளவே! ஏழாயிரம் அடி ஏற வசதி படைத்தவன் அதுவரை தப்பினான். வசதியற்றவன் கீழே மாண்டான். ஆராய்ச்சி பிறந்த பிறகே கீழே கிடந்தவனுக்கும் வழி பிறந்தது. ஆராய்ச்சி பணக்காரப் பொழுதுபோக்கு என்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

இதே கொடைக்கானலில் 1960 மே திங்களில், தம் 89-ஆம் வயதில், ஒரு மூதாட்டி மறைந்தார். ஐடா ஸ்கடர் அவர் பெயர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைக் கட்டியெழுப்பியவர். இளமையில் திண்டிவனத்தில் அவர் கண்ட ஓர் இரவை நாடறியும். பேறுகால வேதனையில் கிடந்த மூன்று பெண்களுக்காக மூன்று ஆடவர், ஒருவர்பின் ஒருவராக, அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் மேல்சாதி இந்து. என் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவன் எம் பெண்டிரைத் தொடுவதா என்றனர் மூவரும்! விடிந்தபோது மூன்று பெண்களும் பிணம். சாதி, மதம், சடங்கு எல்லாவற்றிலும் வேறுபட்ட மூவரும் பெண்ணைச் சாகவிடுவதில் மட்டும் எத்துணை ஒற்றுமை!

ஐடா மதத்தொண்டர், நாம் எந்த மதத்தையும் தூக்கிப் பிடிப்போர் அல்லர். ஆயினும் அவர் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை என்பதை மறைக்க மாட்டோம். அமெரிக்கா சென்றார், 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார், 1900-இல் திரும்பி வந்தார். தாம் ஒருவரே ஆயிரம் பேரைப் பார்த்தாலும் இந்நாட்டுப் பெண்களின் சாவு நிற்காது என்று கண்டு 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார். பெண்ணுக்கு அறுவைக் கத்தி எதற்கு என்று நகைத்தவர்கள் இருந்தார்கள். முதல் அணியில் தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினார்கள்!

கற்பித்தல் மட்டுமா? 1946-இல் அங்கே வந்தார் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர். தொழுநோயாளியின் விரல்கள் ஏன் குறைகின்றன? நாடு விடை வைத்திருந்தது: முன்வினை! மருத்துவர் பலரோ, சதை அழுகி உதிர்கிறது என்றனர். பிராண்டும் உடனிருந்தோரும் அந்தக் கைகளைத் தொட்டு, பிடித்து, சோதித்துப் பார்த்தனர். சதை தானாக அழுகவில்லை, செத்தது நரம்பு. உணர்ச்சி போனவனுக்குக் கொதிக்கும் பாத்திரம் சுடுவதில்லை, ஆணி குத்தினால் வலிப்பதில்லை. புண்மேல் புண்பட்டு விரல் தேய்கிறது. சரி, இரவில் படுத்தவன் விடியலில் விரல் குறைந்து எழுகிறானே, அது எப்படி? விழித்திருந்து பார்த்தார்கள். எலி! உணர்வற்ற விரலை எலி கடித்துத் தின்கிறது, உறங்குபவனுக்குத் தெரியவில்லை. அதன்பின் வீடு திரும்பும் நோயாளியுடன் ஒரு பூனையையும் அனுப்பினார்கள். முன்வினைக்குப் பரிகாரம் சொன்ன பண்டிதர் எவருக்கேனும் பூனை நினைவு வந்ததுண்டா? 1948 முதல் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தவும் தொடங்கினார்கள். ஒரே கட்டிலருகே நோயாளி தேறினான், மருத்துவர் புதியது கண்டார், மாணவர் அதைக் கற்றார். மருத்துவக் கல்லூரி என்று நாம் சொல்வது இதைத்தான்; வளைவும் பெயர்ப்பலகையும் வைத்த கட்டடத்தையன்று.

இனிக் கொடைக்கானலுக்கே வருவோம். நூறாண்டுக்கு மேலாகக் கதிரவனைப் படம்பிடித்துச் சேர்த்துவைத்திருக்கும் வானாய்வுக்கூடம் அம்மலையில் இருக்கிறது. 1909-இல் எவர்ஷெட் அங்கிருந்துதான் கதிரவப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை உலகுக்கு அறிவித்தார். பெருமைதான், மறுக்கவில்லை. அதே மலையில் 1980-களில் வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று வந்தது; பின்னாளில் ஹிந்துஸ்தான் லீவர் வசமானது. 2001-இல் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய பொருள் கடையில் கிடந்தது வெளிப்பட்டு, தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் நோய் என்றார்கள். எங்களால் வந்த நோயன்று என்றது கம்பெனி. ஒரு குழு ஆதாரம் போதாது என்றது, 2011-இல் மைய அரசின் தொழிலாளர் அமைச்சக அறிக்கையோ பாதிப்புக்கு முகாந்திரம் உண்டு என்றது. வழக்கு நடந்து, 2016-இல் 591 பேருக்கு உடன்படிக்கைத் தொகை முடிவாயிற்று. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டு! அந்தக் கைகள் பாதரசத்தைத் தொட்ட முதல் நாளிலிருந்து, யாருக்கும் கட்டுப்படாத ஒரு மருத்துவக் கல்லூரி அவர்களின் சிறுநீரையும் நரம்பையும் ஆண்டுதோறும் சோதித்துப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால், குழுமேல் குழு எதற்கு? கதிரவனின் புள்ளிக்கு நூறாண்டுக் கணக்கு வைக்கத் தெரிந்த நாடு, தொழிலாளியின் கை நடுக்கத்துக்குக் கணக்கு வைக்க மறந்தது ஏன்?

பாதரசம் என்றதும் பழனி நினைவுக்கு வருகிறது. ஒன்பது நஞ்சுகளைக் கூட்டிப் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்றும், அதைத் தழுவி வரும் பொருள் பிணி தீர்க்கும் என்றும் சொல்கிறார்கள். சித்தரை இழிவு செய்ய நாம் வரவில்லை. சித்தர் சோதித்தறிந்தவர் என்கிறீர்களே, அவர் வழிவந்த நீங்கள் மட்டும் சோதனை என்றதும் சீறுவது ஏன்?

மலைமேல் கல்லூரி நடக்காது என்ற பழைய பல்லவியும் செல்லாது. 2022 சனவரியில் தமிழகத்தில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று உதகையில். 2025-இல் அங்கே 700 படுக்கை மருத்துவமனையும் எழுந்தது. அதே 11-இல் திண்டுக்கல்லும் ஒன்று. கொடை மலை திண்டுக்கல் மாவட்டம்தானே? கல்லூரி கீழே இருக்கட்டும். அதன் மாணவர் மேலே ஏறட்டும். தாண்டிக்குடியிலும் பூம்பாறையிலும் மாதக்கணக்கில் தங்கிக் கற்கட்டும். பூண்டுக்கும் உருளைக்கும் நஞ்சு தெளிக்கும் உழவனின் குருதியைச் சோதிக்கட்டும். அந்த நஞ்சுக்கு நம்மவர் வைத்த பெயரைப் பாருங்கள்: மருந்து! மருந்தடிக்கிறோம் என்கிறார்கள், முகத்தில் துணிகூடக் கட்டாமல். பளியர் குடியிருப்புகளில் எந்தப் பிணி, எத்தனை பேறு, எத்தனை சாவு என்று ஆண்டுதோறும் எழுதி வைக்கட்டும்.

மலைமகளே மருத்துவராக வேண்டும் என்பதும் நம் கோரிக்கை. ஊரில் பிறந்த பெண் படித்து வந்தால் மலையை விட்டு ஓட மாட்டாள் என்பதை வேலூர் அன்றே உணர்ந்தது. இங்கோ, பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டியவனுக்கு வாய்ப்பான நுழைவுத் தேர்வை 2017-இல் குறுக்கே நிறுத்தினார்கள். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு தனி இடம் என்று தமிழகம் சட்டம் செய்தது. அந்தச் சன்னல் வழியாகவே சிலர் நுழைகிறார்கள். வாயிலைத் திறக்கச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குத் தில்லி ஒப்புதல் தரவில்லை.

மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க்காட்சி நடக்கும். திறந்து வைக்க அமைச்சர் வருவார், படம் எடுப்பர், கைதட்டுவர். மலையூர்களின் இளைஞர்களே, நீங்களும் போங்கள். ரோசாவைப் பார்த்த பிறகு அவரிடம் கேளுங்கள்: திண்டுக்கல் கல்லூரி மாணவர் கிளாவரைக்கு எந்தத் தேதியில் வருகிறார்?