மருந்தாளுநரின் உழைப்புக்குக் கூலி இல்லையா?

அமெரிக்காவில் முதியோருக்கான இன்ஷூரன்ஸ் திட்டமாகிய மெடிகேர் 1965-ம் ஆண்டில் சட்டமாயிற்று. யார் செய்யும் வைத்தியத்துக்குச் சர்க்கார் பணம் தரும் என்பதற்கு அச்சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. டாக்டர்களுக்குப் பின்னால் நர்ஸுகளில் மேற்படிப்புப் படித்தவர்கள், மனோதத்துவ நிபுணர்கள், உணவு நிபுணர்கள் என்று பலர் அதில் சேர்ந்தனர். 2024 ஜனவரியில் குடும்ப ஆலோசகர்களும் சேர்க்கப்பட்டனர். மருந்தாளுநரோ இன்னும் வாசற்படியிலேயே நிற்கிறார்!

தடுப்பூசி போன்ற சில காரியங்கள் நீங்கலாக, அவர் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால்தான் காசு. ஒரு மூதாட்டி விழுங்கும் பத்து மருந்துகளில் இரண்டு ஒன்றுக்கொன்று ஆகாது என்று கண்டுபிடித்து, அரைமணி நேரம் எடுத்துச் சொன்னால், ஒரு டாக்டரைப்போல் அதற்காக மெடிகேருக்குத் தம் பெயரில் பில் அனுப்ப அவருக்கு உரிமை கிடையாது.

"கடைக்காரருக்கு எதற்கு வைத்தியக் கட்டணம்?" என்று கேட்போர் உண்டு. கல்லூரியில் குறைந்தது ஆறு ஆண்டுகள் படித்தவரையா கடைக்காரர் என்பது? வட கரோலினாவில் ஆஷ்வில் நகரசபை 1990-களில் ஒரு காரியம் செய்தது. நீரிழிவு கண்ட தன் ஊழியர்களுக்கு ஆலோசனை சொல்ல மருந்தாளுநர்களுக்குப் பணம் கொடுத்தது. சர்க்கரை கட்டுப்பட்டது, வைத்தியச் செலவு மொத்தத்தில் குறைந்தது. ஊழியர்கள் நோய் லீவு எடுப்பதும் குறைந்தது. இன்ஷூரன்ஸ் முதலாளிகளின் கணக்குப்படியே பார்த்தாலும் இது நஷ்டமா?

கலிபோர்னியா 2013-ல் மருந்தாளுநரை வைத்தியப் பணியாளராக அங்கீகரித்தது. ஆனால் பணம் கொடுத்தே தீரவேண்டும் என்று தனியார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. வெறும் பட்டம் அடுப்பில் உலை ஏற்றுமா? 2015-ல் வாஷிங்டன் மாநிலம்தான் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் செய்தது. மெடிகேரில் சேர்க்கும் மசோதா 2014 முதல் அமெரிக்கக் காங்கிரஸில் பலமுறை வந்தும் நிறைவேறவில்லை.

கோரிக்கை நியாயமானது, நாம் ஆதரிக்கிறோம். ஆனால் அந்தக் கட்டணம் யார் பைக்குப் போகும்? மருந்தாளுநர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். இன்ஷூரன்ஸுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே நிற்கும் தரகுக் கம்பெனிகளில் மூன்று மட்டுமே நாட்டின் மருந்துச் சீட்டுகளில் சுமார் 80 சதவீதத்தைக் கையாளுகின்றன என்று 2024-ல் மத்திய வர்த்தகக் கமிஷனே அறிவித்தது. மூன்றும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோடு ஒரே குடும்பம். ஒன்றுக்குச் சொந்தமாகப் பெரிய கடை வரிசையே இருக்கிறது!

2023 செப்டம்பரில் கான்ஸாஸ் நகரத்து மருந்தாளுநர்கள் வேலைக்கு வராமல் நின்றார்களே, ஏன்? கடைக்கு ஆள் போதவில்லை. ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் டெலிபோனுக்குப் பதில் சொல்வதும் ஒரே ஆளின் தலையில் விழுந்தது. இந்த நிலையில் ஆலோசனைக் கட்டணமும் வந்தால், இன்னொரு வேலையை அதே ஆளின் தலையில் ஏற்றிவிட்டு, கம்பெனி பில் போடும்.

ஆகவே, அங்கீகாரத்தோடு கடைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்ற ஷரத்தும், கட்டணத்தில் ஊழியருக்குரிய பங்கும் அந்த மசோதாவிலேயே எழுதப்பட வேண்டும்.