விற்பவர்கள் ஒன்றாக, மீட்பவர்கள் தனித்தனியாக!

பெண்களை விற்றுப் பிழைக்கும் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். அவர்களுக்குள் எவ்வளவு ஒற்றுமை! வறுமைப்பட்ட வீட்டை அடையாளம் காட்ட ஒருவன், பெற்றோரிடம் ஆசை வார்த்தை பேச ஒரு பெண், வயதைக் கூட்டிச் சான்றிதழ் தயாரிக்க ஒருவன், அறை கொடுக்க ஒரு விடுதிக்காரன். ஒருவன் பிடிபட்டால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுகிறான். காப்பாற்ற வேண்டியவர்களோ காவல்துறை ஒரு பக்கம், மகளிர் அமைப்புகள் ஒரு பக்கம், வழக்கறிஞர்கள் ஒரு பக்கம், ஜமாஅத்துகள் ஒரு பக்கம் என்று ஆளுக்கொரு திசையில் நிற்கிறார்கள்.

'இதெல்லாம் பெருநகரத்துச் சிவப்பு விளக்குப் பகுதிகளின் பிரச்சினை. நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்று நம்மில் சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நிக்காஹ் என்ற புனிதமான ஒப்பந்தத்தையே இந்தக் கயவர்கள் தங்கள் வியாபாரத்துக்குத் திரையாக்கிக் கொண்டார்கள்.

ஹைதராபாத் தந்த பாடம்

1991 ஆகஸ்டில் ஹைதராபாத்திலிருந்து டெல்லிக்குச் சென்ற விமானத்தில் ஒரு சிறுமி அழுதுகொண்டிருப்பதைப் பணிப்பெண் அம்ரிதா அலுவாலியா கவனித்தார். சிறுமிக்குப் பத்துப் பதினோரு வயதுதான். உடன் இருந்தவர் அறுபது வயதை எட்டிய சவூதிக்காரர்; அவர்தான் 'கணவர்'! நாடே அதிர்ந்தது. வழக்கு நடந்தது. ஜாமீனில் வந்த அந்த மனிதர் நாட்டை விட்டே ஓடிப்போனார்.

26 ஆண்டுகள் கழித்து, 2017 செப்டம்பரில் அதே நகரில் காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தது. ஓமன், கத்தார் நாட்டவர் எட்டுப் பேர், தரகர்கள், விடுதிக்காரர்கள் ஆகியோரோடு காஜிகளும் கைதானார்கள்.

ஒரு விமானப் பணிப்பெண்ணின் கண்ணில் பட்டது, நிக்காஹ் ஓதியவரின் கண்ணில் ஏன் படவில்லை?

சில நாட்கள், சில வாரங்கள் என்று பேசி முடித்து, கையில் பணத்தைக் கொடுத்து, விவாகரத்துப் பத்திரத்திலும் முன்கூட்டியே கையெழுத்து வாங்கிக்கொள்வதற்குப் பெயர் திருமணமா? காலக்கெடு பேசிச் செய்யும் திருமணம் செல்லாது என்பதில் நான்கு மத்ஹபுகளுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெண்களை விபச்சாரத்துக்குக் கட்டாயப்படுத்துவதைத் திருக்குர்ஆன் 24ஆம் அத்தியாயம் 33ஆம் வசனம் தடை செய்கிறது. கட்டாயப்படுத்தப்பட்டவர்களுக்கு இறைவனின் மன்னிப்பும் கருணையும் உண்டு என்பதும் அதே வசனத்தின் கருத்துதான். இறைவன் குற்றம் பிடிக்காத பெண்ணை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறோம்!

ஹைதராபாத் பழைய நகரில் ஜமீலா நிஷாத் அவர்களின் 'ஷாஹீன்' அமைப்பு இந்தக் கொடுமைக்கு எதிராக நீண்ட காலமாகப் போராடி வருகிறது. ஓர் அமைப்பு தனியாக எத்தனை வீட்டுக் கதவைத் தட்ட முடியும்?

மீட்ட பிறகு என்ன?

மீட்பதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது மிகப் பெரிய தவறு. 1996 பிப்ரவரியில் மும்பையின் விபச்சார விடுதிகளில் காவல்துறை பெரும் சோதனை நடத்தி ஏறத்தாழ 500 பெண்களையும் சிறுமிகளையும் மீட்டது. அவர்களில் 200க்கும் மேற்பட்டோர் நேபாளத்தைச் சேர்ந்தவர்கள். நேபாள அரசு அவர்களை ஏற்கத் தயங்கியது. குடியுரிமைச் சான்று எங்கே என்று கேட்டது. நோயைக் கொண்டுவருவார்கள் என்ற பேச்சும் எழுந்தது. விடுதியிலிருந்து விடுபட்ட பெண்கள் மாதக்கணக்கில் காப்பகங்களில் அடைந்து கிடந்தார்கள்.

அப்போது நேபாளத்தின் தொண்டு அமைப்புகள் ஒரு காரியம் செய்தன. 'யார் பெரியவர்?' என்ற போட்டியை ஒதுக்கி வைத்து, ஒன்றுசேர்ந்து பொறுப்பேற்று, 128 பேரைத் தாய்நாட்டுக்கு அழைத்துச் சென்றன. தங்க இடம், மருத்துவம், தொழிற்பயிற்சி ஆகியவற்றைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன. அப்படித் திரும்பியவர்களில் 15 பேர் சேர்ந்து 'சக்தி சமூஹா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கடத்தலிலிருந்து மீண்ட பெண்கள் தாங்களே நடத்தும் அமைப்பு அது. அதைப் பதிவு செய்வதற்கே 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2013இல் அதற்கு ராமோன் மகசேசே விருது கிடைத்தது. அவர்களில் ஒருவரான சாரிமாயா தமாங், தன்னை விற்றவர்கள் மீதே வழக்குத் தொடுத்துத் தண்டனை வாங்கிக் கொடுத்தார். நாடு ஏற்கத் தயங்கிய பெண்கள் நாட்டுக்கே பெருமை தேடித் தந்தார்கள்!

நாம் செய்ய வேண்டியது

சட்டம் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு ஆள் கடத்தலைக் கடுங்குற்றமாக்குகிறது. 'அவள் சம்மதித்துத்தான் வந்தாள்' என்று சொல்லி அதில் தப்ப முடியாது. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு பெற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி எண்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரு பெண்ணின் வாசல் வரை கொண்டு சேர்க்கும் கைகள்தான் இல்லை. அந்தக் கைகளாக ஜமாஅத்துகள் மாற வேண்டும்.

முதலாவதாக, நிக்காஹ் தஃப்தரில் எழுதும் முன் பெண்ணுக்கு 18 வயது நிறைந்ததற்கான பள்ளிச் சான்றைப் பாருங்கள். வெளியூர் மாப்பிள்ளை என்றால் அவருடைய மஹல்லாவின் கடிதம் இல்லாமல் ஓதாதீர்கள். வெளிநாட்டவர் அவசரம் காட்டினால் சந்தேகப்படுங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி அரசிலும் பதிவு செய்ய வையுங்கள்.

இரண்டாவதாக, மாவட்டந்தோறும் ஜமாஅத் பிரதிநிதி, மகளிர் அமைப்பு, வழக்கறிஞர், மருத்துவர், காவல்துறையின் ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவு ஆகியோர் கூடும் ஒரு பொதுக்குழு தேவை. எந்த மதத்துப் பெண் என்று பார்க்காத குழுவாக அது இருக்க வேண்டும். மீட்கப்பட்ட பெண்ணிடம் பேச வேண்டியவர் ஒரு பெண்ணே. அவள் பெயரும் முகமும் ஊராருக்குத் தெரியக்கூடாது.

மூன்றாவதாக, பைத்துல்மால் நிதியில் ஒரு பங்கு இவர்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவுகளில் அடிமைத்தளையில் இருப்போரை விடுவிப்பதும் ஒன்று. விலைக்கு விற்கப்பட்ட பெண்ணைவிட இன்று அடிமை யார்? ஆலிம் பெருமக்கள் மிம்பரில் இதைத் துணிந்து பேச வேண்டும்.

வெட்கம் என்று சொல்லி மூடி மறைத்தது போதும். விற்றவனுக்கு இல்லாத வெட்கம் விற்கப்பட்டவளுக்கு எதற்கு? அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! உங்கள் மஹல்லாவின் அடுத்த கூட்டத்தில் இந்தப் பொருளை எழுப்புங்கள். 'நம் தஃப்தரில் வயதுச் சான்று பார்க்கிறோமா?' என்ற ஒரே கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.