வளையலோடு அட்டையும் போகட்டும்

முதற்பிரசவம் தாய்வீட்டில் என்பது சேலம், நாமக்கல் பகுதிகளில் பல குடும்பங்கள் இன்றும் போற்றிவரும் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் திருச்செங்கோட்டுப் பெண் ஆத்தூருக்கும், எடப்பாடிப் பெண் இராசிபுரத்திற்கும் அழைத்துச் செல்லப்படுகிறாள். இவ்வழக்கத்தில் நாங்கள் குறை காணவில்லை. பேறுகாலத்தில் தாயின் அருகாமை தரும் மனவலிமையை நாங்கள் நன்கறிவோம். ஆனால் அந்தப் பயணத்தில் மாதந்தோறும் எழுதப்பட்டுவந்த இரத்த அழுத்தக் குறிப்பு பின்தங்கிவிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

கர்ப்பத்தினால் உண்டாகும் உயர் இரத்த அழுத்தம் 20 வாரங்களுக்குப் பிறகே தோன்றும். கடைசி மூன்று மாதங்களில் மிகுதியாகக் காணப்படும். வீடும் மருத்துவரும் மாறுகிற காலமும் அதுவே. அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது உயர்வு. 160/110 எனில் அன்றே, அப்பொழுதே சிகிச்சை தேவை. இதனுடன் சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, கல்லீரல், சிறுநீரகம் முதலியவை பாதிக்கப்பட்டாலோ அதனை ‘ப்ரீஎக்லாம்ப்சியா’ என்கிறோம். கவனியாது விட்டால் வலிப்பும் மூளையில் இரத்தக்கசிவும் நேரலாம். குழந்தையின் வளர்ச்சி குன்றலாம்.

பழைய குறிப்பு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். எட்டாம் மாதத்தில் ஒரு பெண்ணுக்கு அழுத்தம் 145/95 எனக் கொள்வோம். மூன்றாம் மாதத்திலும் அவ்வாறே இருந்திருந்தால் அது முன்பே இருந்த இரத்தக் கொதிப்பு. அப்போது 100/60 இருந்திருந்தால் இது புதிதாக எழுந்த ஆபத்து. இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவருக்கு உதவுவது தாய் சேய் நல அட்டையில் உள்ள ஒரு வரி.

இந்நோய் தொடக்கத்தில் வலி தருவதில்லை. ஆகவே உடல்நலமாக உணர்வதே போதிய சான்றாகாது. கடுந்தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் திடீரென வீங்குதல் ஆகியவை அபாய அறிகுறிகள். மேல்வயிற்று வலியை வாயு என்று எண்ணிக் கைவைத்தியம் பார்க்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். உப்பைக் குறைத்தால் போதும் என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் தவறு. லபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை கர்ப்பகாலத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வருபவை.

வலிப்பைத் தடுக்கவும் வழியுண்டு. 33 நாடுகளில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பெற்று 2002ஆம் ஆண்டு வெளியான ‘மேக்பை’ ஆய்வு, மக்னீசியம் சல்பேட் ஊசி வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைத்ததைக் காட்டியது. மருந்து இருக்கிறது; உரிய வேளையில் நோயை அறிந்தால்தான் அது பயன்படும்.

குழந்தை பிறந்ததும் ஆபத்து நீங்கிற்று என்று கருதுவதும் பிழை. பிரசவத்திற்குப் பின் 3 முதல் 6 நாள்களுக்குள் அழுத்தம் மீண்டும் ஏறக்கூடும். உறவினர் அனைவரும் குழந்தையைப் பார்க்க வரும் அந்நாள்களில் தாயின் கையிலும் அழுத்தமானியைக் கட்டிப் பார்க்க வேண்டும்.

அட்டையைக் காக்கும் பொறுப்பைக் கர்ப்பிணியின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமன்று. புகுந்த வீட்டார் அதனைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். பிறந்த வீட்டார் ஒரு வாரத்திற்குள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ காட்ட வேண்டும். மருத்துவர்களாகிய எங்களுக்கும் இதில் பங்குண்டு. ஊர் மாறும் கர்ப்பிணிக்கு அழுத்த அளவுகளையும் மருந்துகளையும் கேளாமலே எழுதித் தருவது எங்கள் கடமை. தரப்படாவிடில் தயங்காது கேட்டுப் பெறுங்கள். சீர்வரிசைத் தட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பவர்கள், வண்டி கிளம்புமுன் அந்த அட்டையும் பையில் உள்ளதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.